விரலும் காற்றும்

வில்லாபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் சுற்றுவட்டார நாடக மேடைகளில் மிதி ஹார்மோனியம் வாசித்தவர். சென்ற மாதம் அவருடைய பேத்திக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினார்கள். பெரியவர் ஆசையோடு அதன் முன் உட்கார்ந்தார். இரண்டே நிமிஷத்தில் முகத்தைச் சுளித்தார்.

"என்னாத்தா இது? தொட்டா முனகுது, தட்டினா அலறுது!"

அவர் எதைக் குற்றம் என்றாரோ, அதை அடைவதற்காகவே ஒரு மனிதர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாடுபட்டார். அவர் பெயர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்து வாத்தியங்களைப் பராமரித்து வந்தவர். அந்நாளில் புழங்கிய ஹார்ப்சிகார்டில் ஓர் இறகுத் தண்டுதான் தந்தியை மீட்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே ஒலி! கிறிஸ்தோஃபோரி இறகை நீக்கிவிட்டுச் சிறு சுத்தியலை வைத்தார். விரலின் வேகம் சுத்தியலுக்குப் போயிற்று. சுத்தியலின் வேகம் ஒலியாயிற்று. 'மெல்லவும் உரக்கவும்' என்று பொருள்படும் அதன் இத்தாலியப் பெயரே பிற்காலத்தில் 'பியானோ' என்று சுருங்கியது.

ஆனால் நம் ஊர்களில் வேரூன்றியது பியானோ அல்ல, ஹார்மோனியம். பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் 1842-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றுப் பட்டு உலோக நாக்குகள் அதிரும் வாத்தியம் அது. புல்லாங்குழல், கிளாரினெட் என்று பெயரிட்ட குமிழ்களை இழுத்து வேண்டிய குரலைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் அந்த வகை வாத்தியங்களில் வந்தது. இன்றைய டிஜிட்டல் பியானோவின் ஒலிப் பட்டியலுக்கு அதுவே மூத்த அக்காள். விரலுக்குத்தான் அங்கே அதிகாரமில்லை. ஒலியின் ஏற்ற இறக்கம் துருத்தியை மிதிக்கும் காலின் கையில் இருந்தது!

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிய காலம், ஹார்மோனியத்தின் பொற்காலம். பாடகரின் சுருதியை 'ஐந்து கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று நாம் இன்றும் அளப்பது அதன் கட்டைகளை வைத்துத்தானே? 1940-ல் அகில இந்திய வானொலி, ஹார்மோனியம் கமகத்துக்கு இசையாது என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தது. தடை தளரச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாடகக்காரர்களின் நாவில் 'கட்டை' நிலைத்துவிட்டது.

டிஜிட்டல் பியானோவில் சுத்தியல் அடிக்கத் தந்தி இல்லை. கட்டையின் அடியில் உள்ள உணரிகள், அது இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கின்றன. 1983-ல் வந்த 'மிடி' என்னும் பொது ஏற்பாட்டின்படி அந்த வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகிறது. அந்த எண்ணுக்கு எவ்வளவு ஒலி என்பதைச் சொல்வதுதான் 'டச்' அமைப்பு. 'லைட்' வைத்தால் இலேசான தட்டலும் உரக்கக் கேட்கும். 'ஹெவி' வைத்தால் ஓங்கித் தட்டினால்தான் உரத்த ஒலி. கட்டையின் கனம் ஓர் இம்மியும் மாறுவதில்லை. மாறுவது வாத்தியத்தின் காது! 'ஃபிக்ஸட்' வைத்தாலோ எப்படித் தட்டினாலும் ஒரே ஒலி.

பேத்தி கெட்டிக்காரி. தாத்தாவின் புகாரைக் கேட்டதும் 'ஃபிக்ஸட்' வைத்துக் கொடுத்தாள். பெரியவர் பழைய நாடக மெட்டு ஒன்றை எடுத்தார். விரல்கள் ஓடின. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தன. மிதித்து என்ன பயன்? உருக்கமான இடம் வந்தபோது ஒலி தாழவில்லை; எழ வேண்டிய இடத்தில் எழவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்.

"இதுல காத்து இல்லையே தம்பி" என்றார் என்னிடம். பிறகு பேத்தியைப் பார்த்து, "முன்ன இருந்த மாதிரியே வச்சுக் குடு, ஆத்தா. கால் செஞ்ச வேலையை இனிமே விரலுக்குச் சொல்லிக் குடுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

இப்போது தினமும் மாலையில் அந்த வீட்டிலிருந்து இசை வருகிறது. சில சமயம் முனகுகிறது, சில சமயம் அலறுகிறது. நேற்று ஓர் இடத்தில் மட்டும் நாடகத்து மெட்டு மெல்லத் தாழ்ந்து, மறுபடி எழுந்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.