மரத்தின் காயமும் மனிதனின் மருந்தும்

ஐரோப்பியரின் வீட்டுத் தோட்டங்களிலே வால்நட் மரம் நெடுங்காலமாகத் தனியிடம் பெற்று வந்துள்ளது. நிழல், கொட்டை, பலகை ஆகிய மூன்றையும் தருவது அது. எனினும் அதன் கொப்புகளைத் தறிப்பதற்குத் தோட்டக்காரர் அஞ்சினர். குளிர்காலத்தின் பிற்கூற்றிலோ இளவேனிலிலோ வெட்டினால், வெட்டுவாயினின்று சாறு நாட்கணக்காக வடியும். ஆங்கிலேயர் இதனைக் குருதி வடிதல் என்றே வழங்கினர். உவமையாகப் பிறந்த அச்சொல் காலப்போக்கில் நம்பிக்கையாயிற்று. குருதி வடிந்தால் மனிதன் சாவது போல மரமும் சாகும் என எண்ணினர்.

இவ்வச்சம் வீண்போகவில்லை. இலண்டனுக்கு அணித்தாயுள்ள தெடிங்டனில் 1709 முதல் குருவாகப் பணியாற்றிய ஸ்ரீபன் ஹேல்ஸ், பருவந்தப்பி வெட்டப்பட்ட முந்திரிகைக் கொடியொன்றிலிருந்து சாறு வடிவதைக் கண்டார். கொடி பட்டுவிடுமென அஞ்சி, விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை வெட்டுவாயில் இறுகக் கட்டினார். தோல் ஊதிப் பருத்தது. சாறு இத்துணை விசையுடன் எழுகின்றதாயின் அதனை அளத்தல் கூடுமன்றோ எனக் கருதிக் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தினார். பரிசோதனையொன்றிலே சாற்றின் அழுத்தம் இரசத்தை 38 அங்குலம் உயர்த்தியது. நீராயின் ஏறத்தாழ 43 அடி. குதிரையின் தொடை நாடியில் அவர் அளந்த குருதியழுத்தத்திலும் இது ஏறக்குறைய ஐந்து மடங்கு. கொடியைக் காக்கப் புறப்பட்டவர், 1727இல் தாவர உடற்றொழிலியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றை வெளியிட்டார்.

மருந்து தேடியவரின் கதை இத்துணைச் சிறப்புடையதன்று. கென்சிங்டன் அரச தோட்டங்களின் பொறுப்பாளரான வில்லியம் போசைத், பசுச்சாணம், பழங்கட்டடச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், மணல் ஆகியவற்றைக் குழைத்து ஒரு களிம்பு செய்தார். அதனைப் பூசினால் பொந்து விழுந்த மரமும் மீண்டும் வைரம் பாயும் என்றார். கடற்படைக்கு ஓக் மரம் கிடைக்குமோ என இங்கிலாந்து கவலையுற்றிருந்த காலம் அது. பாராளுமன்றம் அவரை நம்பி 1,500 பவுண் வழங்கியது. 1791இல் களிம்பின் செய்முறை வெளிவந்தது. தோமஸ் அன்ட்று நைற் என்பார் 1802இல் இதனை வன்மையாக மறுத்தெழுதினார். முருங்கைக் கொப்பைத் தறித்த பின் நுனியிலே சாணம் அப்பும் வழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. அதற்காக எவரும் அரசிடம் பணம் பெற்றதாகத் தெரியவில்லை.

நைற்றின் ஐயம் நியாயமானதே என்பதற்குத் தெளிவான சான்று இருபதாம் நூற்றாண்டிலேதான் கிடைத்தது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்ஸ் சைகோ, காயமுற்ற மரங்கள் பலவற்றைச் சங்கிலி வாளால் நெடுக்கே பிளந்து ஆராய்ந்தார். விலங்கின் புண் ஆறுவது போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் பழுதுற்ற பகுதியைச் சுற்றித் தடுப்பரண் எழுப்பி, அதற்கு அப்பால் புதிதாக வளருகின்றது. 1977இல் வெளியான இவ்விளக்கத்தின் பின், எக்களிம்பும் உக்கலைத் தடுக்காது என்பது மெல்ல ஏற்கப்பட்டது.

வால்நட்டைப் பொறுத்தவரை, சாறு வடிவதால் மரம் சாதல் அரிது. பெருங்கொப்பை வெட்டிய அகன்ற வெட்டுவாயினூடே புகும் உக்கலே மெய்யான ஆபத்து. ஆதலின் இன்று நடுக்கோடைக்கும் இலையுதிர் காலத் தொடக்கத்துக்கும் இடையே மெல்லிய கொப்புகளை மாத்திரம் வெட்டி, வெட்டுவாயில் எதையும் பூசாது விட்டுவிடுகின்றனர்.