ஏரியும் மாம்பலமும்

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்ததும், ஆங்கிலேயர் லாங் டாங்க் என்று வழங்கியதுமான பெரிய ஏரியொன்று, சென்னைப் பட்டணத்துக்கு அத்திசையில் எல்லையாகவே நெடுங்காலம் விளங்கிற்று. அதற்கு அப்பால், செங்கற்பட்டு ஜில்லா சைதாப்பேட்டை தாலுகாவில், வயலும் தோப்பும் கோயிலுமாக, பட்டணத்து ஆரவாரம் எட்டாமல் இருந்துவந்த கிராமமே மாம்பலம். 1911-இல் ரயில் நிலையம் ஏற்பட்ட பின்னுங்கூட அதன் சுபாவம் பெரிதும் மாறிவிடவில்லை.

மாற்றியவை ஜனப்பெருக்கமும் ஒரு சட்டமும். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருக்க இடம் அருகிவந்த அந்நாளில், 1920-ஆம் வருஷத்து நகர அமைப்புச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, ராஜதானியை ஆண்ட நீதிக் கட்சியார் ஏரிநீரை வடித்து, படுகையையும் அடுத்த நிலங்களையும் மனைகளாக வகுத்து, நடுவே ஒரு பூங்காவும் அதிலிருந்து நாற்புறமும் பிரியும் அகன்ற சாலைகளுமாக, 1923 தொடங்கி ஒரு புது நகரத்தையே நிர்மாணிக்கலாயினர். பூங்காவுக்கு முதன்மந்திரி பனகல் ராஜாவின் பெயர். சாலைகளுக்கு உஸ்மான், டாக்டர் நாயர், கோபதி நாராயணசாமி செட்டி என்று அக்கட்சிப் பெரியோர் பெயர்கள். பாண்டி பஜாரோ அதே கட்சியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியனாரின் ஞாபகம். நகரத்துக்கு வாய்த்ததோ, 1920-இல் தம்மை நாடிவந்த முதன்மந்திரிப் பதவியை வேண்டாமென்று விலக்கி, 1925-இல் காலமான அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் திருநாமம். அவர் நெசவுக் குலத்தில் பிறந்து நெசவுச்சாலை நடத்தியவர். அவர் பெயர் தாங்கிய நகரில் 1928-இல் காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுக்கடை வைத்ததும், கல்யாணப் பட்டு என்றாலே தென்னாடு முழுவதும் அவ்விடத்தை நினைக்கும்படி ஆனதும் எவரும் திட்டமிட்டதல்ல. ஆனாலும் அப்பொருத்தத்தை எண்ணுந்தோறும் எனக்கு மனம் நிறைகிறது.

1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் உத்தியோகஸ்தர்கள் வந்தனர். கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் பெருகியதும் நடிகர்கள் வந்தனர். நடிகர் நாகையாவின் முயற்சியால் வாணி மஹால் என்னும் கலையரங்கம் எழுந்தது.

இவ்வளவு சிறப்பும் தண்டவாளத்துக்குக் கிழக்கேதான். ஒரே கிராமத்தை ரயில் பாதை இரு கூறாக்க, திட்டமும் பூங்காவும் நாகரிகமும் கிழக்கே போயின. மேற்கு மாம்பலத்துக்கு மிஞ்சியவை குறுகிய தெருக்களும், தேங்கிய நீரும், யானைக்கால் வியாதியைப் பரப்பிய கொசுக்களுமே. மாம்பலம் என்றாலே கொசு என்று ஊரார் பேசுவது வெகுகாலம் நீடித்தது. நகர நிர்மாணத்தின் அழகை மனமாரப் போற்றும் நான், வடிகால் என்னும் முதற்கடமையில் மேற்குப் புறத்தாருக்குச் செய்யப்பட்டது அநீதி என்றே சொல்வேன். ஏரியின் ஞாபகமும் அவர்களிடமே தங்கிற்று. லேக் வியூ ரோடு இருப்பது மேற்கு மாம்பலத்தில்.

பட்டெடுக்க வெளியூரிலிருந்து வருவோர் இன்றும் இறங்குவது மாம்பலம் ஸ்டேஷனில்தான். கிழக்கே படியிறங்கினால் ரங்கநாதன் தெருவின் ஜனவெள்ளம் அவர்களை உஸ்மான் ரோட்டுக்குக் கொண்டுசெல்லும். மேற்கே இறங்குவோரோ, கறிகாய்க் கடைகளில் கத்திரிக்காயும் கீரையும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வீடு செல்லும் உள்ளூர்க் குடித்தனக்காரர்கள்.