பிரட்டுக்களமும் உரையாடல் வழங்கியும்

பதுளை மாவட்டத்துப் பூனாகலை முதலாய பெருந்தோட்டங்களிற் செய்தி நெடுங்காலம் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்தது. விடியலிற் பிரட்டுத் தப்பு ஒலிக்கும். துரையின் ஆணை கணக்கப்பிள்ளைக்கும், அவர்வழிக் கங்காணிக்கும், ஈற்றில் லயத்து மக்களுக்கும் சென்றடையும். கேட்டவர் மறுமொழி கூற அவ்வமைப்பில் வழியில்லை. ஒருவரோடொருவர் தடையின்றிப் பேசியது பீலிக்கரையிலேதான்.

கணினி உரையாடல் பீலிக்கரையையே ஒத்தது. 1973இல் இல்லினோய் பல்கலைக்கழகத்துப் பிளேட்டோ கணினியில் டக் பிரவுண், டேவிட் வூலி என்போர் டாக்கோமாட்டிக்கை அமைத்தனர். 1988இற் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஒய்காரினன் ஐ.ஆர்.சி. முறையை ஆக்கினார். பிரெண்டன் ஐக் 1995இற் படைத்த யாவாஸ்கிரிப்ட் மொழியோ பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே வழங்கிற்று. 2009இல் ரயன் டால், நோட் என்னும் இயக்கச்சூழலைப் பெர்லின் மாநாட்டில் அறிமுகஞ்செய்து, அதனில் எழுதிய உரையாடல் வழங்கியொன்றையும் இயக்கிக் காட்டினார்.

வழங்கியின் இயல்பு எளிது. இணையும் ஒவ்வொருவரையும் பட்டியலிற் சேர்க்கும், ஒருவர் விடுத்த வரியை ஏனையோர் அனைவர்க்கும் எழுதும், விலகியவரை நீக்கும். இருபது வரிகளில் முடியும். இடர்ப்பாடு வேறிடத்துள்ளது. டி.சி.பி. நெறியில் தரவு ஆறுபோல் ஓடிவருமேயன்றித் தனித்தனிச் செய்தியாக வராது. வரிமுடிவுக் குறியைக் கண்டே பிரித்தெடுத்தல் வேண்டும். தமிழர்க்கு இஃது இரட்டைச் சிக்கல். யு.டி.எப்.-8 குறிமுறையிற் 'பூ' என்னும் ஓரெழுத்தே ஆறு பைட்டுகளாகும்; துண்டு நடுவே முறியின் எழுத்துச் சிதையும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் இவ்வழுவைக் காணார்! முறிந்த பைட்டுகளைத் தேக்கிவைத்து எழுத்தை முழுமையாக்கும் வசதி நோட்டிலேயே உண்டு. அதனை ஏவுதற்கு ஒரு வரி போதும்.

இத்தகைய எளிய வழங்கிக்கு நினைவில்லை. இணைப்பில் இல்லாதவர்க்கு உரைத்தது உரையாததே. இதனைச் சிறு குறையெனத் தள்ளலாகாது. பூனாகலைக்கு அயலிலுள்ள மீரியபெத்தை மண்சரிவு அபாயமுடையதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களோ லயங்களிலேயே வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட்காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2023 மார்ச்சிற் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்தது. பெயர்ந்து செல்ல நிலமும் வீடும் தரவேண்டிய கடன் எந்த வழங்கியாலும் தீர்வதன்று. ஆயினும், மழையிரவில் லயத்துக்கு லயம் செய்தி சொல்ல ஒன்றை அமைப்போர், வந்தவற்றைக் கோப்பில் எழுதிவைத்துப் பின்னர் இணைவோர்க்கு இறுதி ஐம்பதையேனும் அனுப்புமாறு செய்தல் வேண்டும். அதற்கு மேலும் பத்து வரிகளே தேவை.