மடுல்சீமை மலைகளும் மனித உடலும்

நகரங்களின் வரலாற்றை ஆராய்வோர், மனிதன் நடக்கக்கூடிய தூரமும் அவன் செவிக்கு எட்டும் ஒலியும் தெருக்களையும் சந்தைகளையும் வகுத்த விதத்தை எடுத்துக்காட்டுவர். ஊவா மாகாணத்து மடுல்சீமைத் தோட்டங்களிலும் இவ்வுண்மை காணக்கிடக்கின்றது.

1869இல் இம்மலைகளிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. தன்போக்கில் வளரவிடின் தேயிலை மரமாகி ஓங்கும். அதனைக் கவ்வாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்தியது, கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைகள் எட்டவேண்டும் என்பதற்காகவேயாம். எனவே, மலைச்சரிவுகளின் பசுந்தோற்றம் அவளது உடலளவினால் உருவானதாகும். விடியுமுன் ஒலித்த தப்பு தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது, செவியே கடிகாரமாயிற்று. தொழிற்சாலையில் இலை நொதித்துப் பதமடைந்தமையை மூக்கு உணர்த்திற்று.

ஆயின், லயங்களைக் கட்டியோர் இவ்வுடலை மறந்தனர். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பராவில் ஒரு குடும்பமே முடங்கியது. அடுப்புப் புகை கண்களை எரித்தது. அடுத்த காம்பராவின் இருமலும் அழுகையும் சுவர் தாண்டிக் கேட்டன. துரையின் பங்களாவோ மேட்டில் காற்றும் காட்சியும் பெற்று விளங்கியது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இம்மலைகளுக்கு உருக்கொடுத்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பின்னர் குடியுரிமை கிடைத்தது. எனினும் இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. செடியின் உயரத்தை வகுக்கக் கொண்ட உடலளவை, கொழுந்தெடுப்பவளின் இல்லத்தை வகுக்கவும் கொள்ளுதல் நீதியன்றோ?