பழைய சிறுநீரகத்தின் ஆட்சி

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு மட்டுமே என்று இளமையில் நான் எண்ணியிருந்தேன். மருத்துவ வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்திற்று.

1898-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர், முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் இரத்தத்திற் செலுத்தினர். இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றின் பொருளுக்கு 'ரெனின்' எனப் பெயரிட்டனர்.

1954 டிசம்பர் 23-ஆம் நாள், பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே குழுவினர், இரட்டைச் சகோதரருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினர். நோயுற்ற பழையவை உடலிலேயே இருந்தன. புதியது நன்கு இயங்கியும் இரத்த அழுத்தம் தணியவில்லை. பழைய இரண்டையும் அகற்றிய பின்னரே தணிந்தது.

கழிவை நீக்கும் வலிமை இழந்த சிறுநீரகமும் ரெனினைச் சுரந்து உடலை ஆட்டிவைக்க வல்லது. ஆதலின், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் இரத்த அழுத்தம் உயருங்கால், மருத்துவர் இன்றும் புதியதோடு பழையதையும் ஐயுறுகின்றனர்.