கியர் நெம்புகோல் தோலுறை

கியர் நெம்புகோல் தோலுறை என்பது மகிழுந்தில் கியர் நெம்புகோலின் அடிப்பகுதியைச் சுற்றி மூடியிருக்கும் மடிப்புள்ள உறை ஆகும். இது நெம்புகோல் அசைய இடம் தந்து, தூசியும் சிந்தும் நீரும் உள்ளே விழாமல் தடுக்கிறது. இவ்வுறை தோலாலோ செயற்கைத் தோலாலோ செய்யப்படுகிறது. வெயிலாலும் அடிக்கடி மடிவதாலும் தோல் நாளடைவில் உலர்ந்து வெடிக்கிறது.

மாற்றும் முறை

பொதுவாக உறையின் மேல்விளிம்பு கைப்பிடியின் கழுத்திலும், கீழ்விளிம்பு ஒரு நெகிழிச் சட்டத்திலும் பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்தை மெல்ல நெம்பி எடுத்து, கைப்பிடியைக் கழற்றியபின் உறையை நீக்கலாம். தன்னியக்க வண்டிகள் பலவற்றில் கைப்பிடியிலேயே பூட்டு விடுவிக்கும் பொத்தான் இருப்பதால், அதைக் கழற்றும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும்.

பாதுகாப்பு

தன்னியக்க வண்டியில் நெம்புகோல் 'பி' நிலையில் இருக்கும்போது, கியர்பெட்டியினுள் ஒரு பூட்டுப்பல் பற்சக்கரத்தில் பொருந்தி வண்டியை நகராமல் நிறுத்துகிறது. வேலை வசதிக்காக நெம்புகோலை 'என்' நிலைக்கு மாற்றினால் இப்பூட்டு விடுபடும். சரிவில் நிற்கும் வண்டி உருளக்கூடும். எனவே வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின்பே பணியைத் தொடங்குதல் வேண்டும். புதிய உறை இறுக்கமாக இருந்தால் நெம்புகோல் 'பி' நிலையில் முழுமையாக அமையாது போகலாம். ஆதலால் பொருத்தியபின் எல்லா நிலைகளையும் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.