தாராசிங்: சிங்கப்பூர் ஆலையிலிருந்து குஸ்தி மேடைக்கு

ஜொகூர் பாரு – மல்யுத்தம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் வரும் டபிள்யூ.டபிள்யூ.இ. தான் நினைவுக்கு வரும். அவர்களின் தாத்தாவைக் கேட்டால் தாராசிங், கிங்காங் என்று இரண்டு பெயர்களைச் சொல்வார். இந்தியா தன் வீரராகக் கொண்டாடும் தாராசிங் தொழில்முறைக் குஸ்தியைக் கற்றது நம் பாலத்துக்கு அக்கரையில் உள்ள சிங்கப்பூரில்தான்.

1928 நவம்பர் 19ஆம் தேதி பஞ்சாபில், அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். 1940களின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் வந்து, டிரம் தயாரிக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கிரேட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஹர்ணாம் சிங் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பின்னர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேயா வெற்றியாளர் ஆனார்.

கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. ஐரோப்பாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் தங்கியவர். எடை 200 கிலோவை நெருங்கும். தாராசிங்குக்கோ சுமார் 130 கிலோதான். இருவரும் மோதினால் கூட்டம் அலைமோதும்.

“எல்லாம் நாடகம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. தொழில்முறைக் குஸ்தியில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் 200 கிலோ உடம்பு மேலே விழும்போது ஏற்படும் வலியில் நடிப்பு இல்லை. அதைத் தாங்க அன்றாடப் பயிற்சி வேண்டும். ஊர் ஊராகச் சுற்றும் பயணமும் ஆபத்தே. மலேசியாவில் நடந்த கார் விபத்தில் காயமடைந்த கிங்காங், 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்தார்.

தாராசிங் 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டத்தையும், 1968 மே 29ஆம் தேதி பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸை வென்று உலகப் பட்டத்தையும் பெற்றார். 1983இல் டெல்லியில் ஓய்வை அறிவித்தார். இதற்கிடையே இந்திப் படங்களில் கதாநாயகனாகவும் நடித்தார். 1987இல் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரில் அனுமனாக வந்து வீட்டுக்கு வீடு அறிமுகமானார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

2012 ஜூலை 12ஆம் தேதி மும்பையில், தமது 83ஆவது வயதில் காலமானார். 2018இல் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

அவர் பயிற்சி எடுத்த கிரேட் வோர்ல்ட் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. வேலை தேடிக் கடல் கடந்து வந்த ஒரு தொழிலாளி, தன் உடம்பையே முதலாக வைத்து முன்னேறிய இடம் அது.